தொழுவத்தைத் தச்சுப் பட்டறை ஆக்குமுன் சுவரின் உப்பை இறக்குங்கள்

கேள்வி: திருவையாறு பக்கம் எங்கள் பூர்வீக வீட்டுக் கொல்லையில் 24க்கு 12 அடியில் ஒரு மாட்டுக் கொட்டகை இருக்கிறது. மண் கலவையில் கட்டிய செங்கல் சுவர், மேலே சீமை ஓடு. மேற்குச் சுவர் மட்டும் 1990களில் விழுந்து, சிமென்ட் கலவையில் திரும்பக் கட்டியது. மாடுகளை விற்றுப் பத்து வருடம் ஆகிறது. பணி ஓய்வு பெற்றுவிட்டேன். அதைத் தச்சுப் பட்டறையாக்கி, பொழுதுபோக்காக நாற்காலி, அலமாரி செய்யலாம் என்று ஆசை. சுவரில் இடுப்பளவுக்கு ஓதம், பூச்சு பொரிந்து கொட்டுகிறது. சோதனையாக வைத்த இழைப்புளியும் ரம்பமும் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிட்டன. வாட்டர் புரூஃபிங் செய்பவர், சுவர் முழுக்கச் சிமென்ட் பூசி மேலே கெமிக்கல் அடித்தால் பத்து வருட கேரண்டி என்கிறார். செய்யலாமா? இன்னொன்று, கொட்டகை விளக்கு பம்ப்செட் லைனிலிருந்து எடுத்தது. மெஷின்களுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதல் கேள்விதான் பெரிது, அதிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் சுவரில் இருப்பது மாடு நின்ற காலத்து ஈரம் மட்டும் என்றால் பத்து வருடத்தில் கொஞ்சமாவது குறைந்திருக்கும். தொழுவத்துச் சுவரின் கதை வேறு. தலைமுறைக் கணக்கில் மாட்டு மூத்திரம் தரையில் ஊறி, செங்கல் வழியாக மேலே ஏறியிருக்கிறது. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை மெல்ல மெல்ல நைட்ரேட் உப்பாக மாற்றிவிடும். வெடியுப்பு என்கிறோமே, அந்த வகை. ஒரு காலத்தில் பீகாரில் நோனியா சமூகத்தார் மாடு கட்டிய இடத்து மண்ணையும் பழைய மண்சுவர்களையும் சுரண்டி, கரைத்து, காய்ச்சித்தான் வெடியுப்பு எடுத்தார்கள். ஐரோப்பியக் கம்பெனிகள் அதைப் பாட்னாவிலிருந்து கப்பல் கப்பலாகக் கொண்டுபோய் வெடிமருந்து செய்தன. அந்தச் சரக்கு உங்கள் கொல்லையிலும் கொஞ்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த உப்புகளில் சில காற்றில் இருக்கும் ஈரத்தையே உறிஞ்சிக் கசியும். அடுப்படியில் கல்லுப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர் விட்டுக்கொள்வதில்லையா, அதேதான். அதனால்தான் மாடு போயும் ஓதம் போகவில்லை. இரும்புச் சாமான்கள் துருப்பிடிப்பதற்கும் அதுவே காரணம். நம்பிக்கை வராவிட்டால், சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சுரண்டி, நன்றாகக் காயவைத்து, கனலும் அடுப்புக்கரியில் ஒரே ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். தூவிய இடத்தில் மட்டும் கரி சுறுசுறுவென்று எரிந்தால் உள்ளே இருப்பது வெடியுப்பு.

இப்போது அந்தக் கெமிக்கல்காரர் சொன்னதைப் பார்ப்போம். உப்பு சுவருக்குள் இருக்கிறது. வெளியே சிமென்டையும் பிளாஸ்டிக் மாதிரியான ஒரு படலத்தையும் போட்டு மூடினால், உப்பு அதன் பின்னால் போய்ச் சேர்ந்து கல்லுக் கல்லாக உறையும். உறையும்போது பருக்கும். ஓரிரு மழைக்காலம் சுவர் பளபளவென்று இருக்கும், அப்புறம் பூச்சு தகடு தகடாகக் கழன்று விழும், செங்கல் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு. ஈரத்துக்கு வெளியேற வழியில்லாததால் இடுப்பளவில் நின்ற ஓதம் நெஞ்சளவுக்கு ஏறும். கேரண்டிக் கடிதத்தை அப்போது எடுத்துப் படியுங்கள்: சுவரின் உள் உப்பால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். எனக்குக் காட்டப்பட்ட கேரண்டிக் கடிதங்களில் இந்த வரி இல்லாத ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இவர்கள் சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள். மூடினால் காசு, சுரண்டினால் காசில்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் வெளியே பாருங்கள். எருக்குழி சுவரை ஒட்டி இருந்திருந்தால் அந்த மண்ணை வாரித் தள்ளி வையுங்கள். வருடக்கணக்கில் குப்பை சேர்ந்து வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கும், அதை இறக்குங்கள். தாழ்வாரத் தண்ணீர் சுவரடியில் விழாதபடி தகரத்தில் தண்ணி வாரி போடுங்கள். உள்ளே, மூத்திரம் ஊறிய தரை மண்ணை ஒன்று, ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டி எடுங்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போய்விடாதீர்கள். அந்த மண்ணைத் தென்னைக்குப் போடுங்கள், நல்ல உரம். மேஸ்திரி அதையே திரும்பக் கொட்டி மட்டம் தட்டப் பார்ப்பார். பக்கத்திலேயே நில்லுங்கள்.

பழைய பூச்சை ஓதக் கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை உரித்துவிட்டு, செங்கல்களுக்கு நடுவே இருக்கும் கலவை இணைப்புகளை முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டுங்கள். அதற்கு மேல் போக வேண்டாம், மண் கலவைச் சுவர் தாங்காது. காய்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். குழாயை வைத்துக் கழுவினால் வெளியே வந்த உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும்.

அப்புறம் பற்று. வீக்கத்துக்குப் பற்றுப் போடுகிறோமே, சுவருக்கும் அதே வைத்தியம்தான். உப்பில்லாத களிமண்ணும் மணலும் நல்ல தண்ணீரில் குழைத்து, அரை அங்குல கனத்துக்குச் சுவரில் அப்பிக் காயவிடுங்கள். ஈரம் போய் உப்பைக் கரைக்கும். காயக் காய உப்பு பற்றுக்குள் வந்து சேரும். நன்றாகக் காய்ந்ததும் உரித்து எறிந்துவிட்டுப் புதுப் பற்று. மூன்று முறையாவது செய்ய வேண்டும். மாசியில் ஆரம்பித்தால் வெயில் உங்களுக்கு வேலை செய்யும். எல்லா உப்பும் வந்துவிடாது, பெரும்பகுதி வந்தால் போதும்.

பிறகு சுண்ணாம்புப் பூச்சு. நீற்றி இரண்டு வாரமாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு, இரண்டு கோட்டாக, ஒவ்வொன்றும் அரை அங்குலத்துக்கு மிகாமல். நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வை போகும். கண்ணாடி போடாத ஆளை வேலைக்கு விடாதீர்கள். ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெதுவாகக் காயவைக்க வேண்டும். கடுக்காய், கருப்பட்டி என்று ஒரு பட்டியலோடு 'பாரம்பரியப் பூச்சு' விற்பவர்கள் இப்போது முளைத்திருக்கிறார்கள். அரண்மனைச் சுவருக்கு அது சரி. உங்களுக்கு வேண்டியது மூச்சு விடுகிற, ஐந்தாறு வருடத்தில் உதிர்ந்தால் திரும்பப் பூசிக்கொள்ளக்கூடிய, மலிவான பூச்சு. மிச்ச உப்பு அதில் வந்து பூக்கட்டும்; செங்கல் தப்பிக்கும். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம்தான். நான் படித்த காலத்திலேயே சுண்ணாம்பை ஒரு வகுப்பில் முடித்துவிட்டு வருடம் முழுக்கச் சிமென்ட் நடத்தினார்கள். அப்படிப் படித்தவர்கள்தான் பழைய கட்டடத்துக்கும் எஸ்டிமேட் போடுகிறார்கள். அதில் சிமென்ட்டைத் தவிர வேறு என்ன இருக்கும்?

சிமென்ட் கூடாது என்றேன். உங்கள் மேற்குச் சுவர் ஒன்றுக்கு மட்டும் இது பொருந்தாமல் போகலாம். போகலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். சிமென்ட் கலவையில் கட்டிய சுவருக்குச் சிமென்ட் பூச்சு தவறில்லை. ஆனால் விழுந்த சுவரைத் திரும்பக் கட்டியபோது செங்கல் எது? புதிதாக வாங்கியதா, விழுந்ததையே பொறுக்கிக் கட்டியதா? பூச்சு உதிர்ந்த இடத்தில் அளந்து பாருங்கள். ஒன்பது அங்குல நீளம், மூன்று அங்குல கனம் என்று ஒரே அளவாக இருந்தால் அநேகமாகச் சேம்பர் சூளையில் சுட்ட செங்கல், புதியது. மெல்லிசாகவும் அளவு மாறி மாறியும் இருந்தால் பழைய செங்கல், உப்போடு வந்தது. புதிய செங்கல் என்றால், தரையிலிருந்து ஒரு அடி விட்டு அதற்கு மேல் சிமென்ட் பூசிக்கொள்ளுங்கள். அந்த ஒரு அடிக்குச் சுண்ணாம்புதான், அஸ்திவாரம் பழையதாயிற்றே. பழைய செங்கல் என்றால் உங்கள் நாலு சுவரில் இதுதான் மோசம்: இணைப்பு கெட்டி, செங்கல் மெத்து. உப்பு கலவை வழியே வெளியேற முடியாமல் செங்கலைத் தின்னும். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் செங்கல் முழுக்க அரித்துப் போய், சிமென்ட் இணைப்புகள் மட்டும் தேன்கூடு மாதிரி நின்றதைப் பார்த்திருக்கிறேன். இப்படி இருந்தால் அதற்கும் பற்று, சுண்ணாம்பு. எதுவானாலும், மூலையில் ஓர் அங்குல இடைவெளி விட்டுச் சுண்ணாம்பால் அடையுங்கள். அழகுக்காகச் சிமென்ட்டை மூலை திருப்பிப் பழைய சுவருக்கு இழுத்துக்கொண்டு போவார்கள், விடாதீர்கள்.

தரைக்கு: மண் எடுத்த பள்ளத்தில் தூசி இல்லாத ஒன்றரை அங்குல ஜல்லி அரை அடி, மேலே தடித்த பாலித்தீன் ஷீட், அதன் மேல் நாலு அங்குல கான்கிரீட். சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்குக் கான்கிரீட் வேண்டாம், சுண்ணாம்புக் கலவையில் ஜல்லி போடுங்கள். இல்லையென்றால் தரைக்கடி ஈரமெல்லாம் சுவரைத் தேடிப் போகும். கரையான் மருந்தையும் இந்தக் கட்டத்திலேயே சுவரடியில் ஊற்றிவிடலாம்.

இனி மின்சாரம். பம்ப்செட்டுக்கு விவசாய இணைப்பில் வரும் இலவச மின்சாரம் பாசனத்துக்கு மட்டும். இப்போது எரிகிற விளக்கே தவறு. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126இன்படி, அனுமதித்த பயனை விட்டு வேறு வேலைக்கு எடுத்தால் உரிய கட்டணத்தின் இரண்டு மடங்கு விதிக்கலாம். எப்போதிலிருந்து எடுத்தீர்கள் என்று தெரியாவிட்டால் ஒரு வருடக் கணக்கு. "நான் பார்த்துக்கொள்கிறேன் சார்" என்று ஒருவர் வருவார். ரசீது அவர் பெயரிலா வரும்? வீட்டு இணைப்பிலிருந்து தனி லைன் இழுத்து, கூடுதல் லோடுக்கு முறையாக எழுதிக் கொடுங்கள். அலைய விடுவார்கள், ஒரே காகிதத்தை மூன்று முறை கேட்பார்கள். அந்த அலைச்சலில்தான் புரோக்கர் பிழைக்கிறார். செய்ததை விற்க ஆரம்பித்தால் கட்டண வகையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வீட்டிலிருந்து நூறு அடி தூரம் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை குதிரைத்திறன் மோட்டார் கிளம்பும் நொடியில் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் சுமார் 20 வோல்ட் விழும். 4 சதுர மி.மீ. என்றால் 12. சாயங்காலம் ஏற்கெனவே வோல்டேஜ் குறையும் ஊரில் அந்த வித்தியாசம் மோட்டாரைக் காப்பாற்றும். எர்த்துக்குத் தனிக் குழி வெட்டி, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். எர்த் குழிக்குச் சோம்பி நியூட்ரலையே எர்த் முனையில் முறுக்கிவிடும் எலக்ட்ரீஷியன் இருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்புங்கள். நியூட்ரல் அறுந்த நாளில் ரம்ப மேஜை முழுக்க மின்சாரம் பாயும்.

மரத்தூளுக்கு என்-95 முகக்கவசம் கட்டாயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது.

பூச்சு முடிந்தாலும் ஒரு ஐப்பசி, கார்த்திகை பார்க்காமல் மெஷின் இறக்காதீர்கள். பலகைகளைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, தரையிலிருந்து தூக்கி அடுக்குங்கள். கருவிகளைச் சுவரில் ஆணி அடித்து மாட்ட வேண்டாம், மரச்சட்டத் தாங்கி செய்து இரண்டு அங்குலம் விலக்கி மாட்டுங்கள். துருப்பிடித்த இழைப்புளியை எறிந்துவிடாதீர்கள்: அதன் இரும்பை ஓரிரவு வினிகரில் ஊறப்போட்டு, காலையில் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வீட்டுக்குள் வையுங்கள்.