கல் சேர்ப்பவருக்குத் துணை எங்கே?

கேள்வி: சின்ன வயதிலிருந்தே கல் பொறுக்கிச் சேர்க்கிறேன். இரண்டு அலமாரி நிறைந்துவிட்டது. இதே ஆர்வம் உள்ளவர்கள் கூடும் சங்கத்தில் சேர ஆசை. எங்கே தேடுவது?
- வாசகி, தக்கலை

பதில்: சகோதரி, பெயர்ப்பலகை மாட்டிய சங்கத்தைத் தேடி அலைய வேண்டாம். கல்லை அறிந்தவர்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் (ஜியாலஜி) துறை, அதாவது பாறைகளையும் கனிமங்களையும் படிக்கும் துறை, இருக்கிறது. தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியிலும் உண்டு. முன்கூட்டியே கடிதம் எழுதி, ஆசிரியர் ஒருவரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். மாணவர்களைக் களப்பயணம் கூட்டிப்போகும்போது வெளியாட்களையும் சேர்ப்பார்களா என்று கேட்கலாம். ஆர்வத்தோடு வருபவரைப் பார்த்தால் ஆசிரியர்களுக்கு மகிழ்ச்சிதான். அங்கே அறிமுகமாகும் மூன்று நான்கு பேர் மாதம் ஒருமுறை கூடினால் அதுவே சங்கம்.

அதற்கு முன் ஒரு வேலை. ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, எடுத்த இடம், தேதி, பாறையில் இருந்ததா ஓடையில் கிடந்ததா என்று நோட்டில் எழுதுங்கள். இடம் தெரியாத கல்லை வைத்து அறிந்தவரும் அதிகம் சொல்ல முடியாது. 1909-இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர், நம் பக்கத்திலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். கயிறு எந்த ஊர்ச் சரக்கு என்று தெரிந்ததால்தான் இந்தக் கடற்கரைவரை தேடி வர முடிந்தது. மணவாளக்குறிச்சி மணல் ஆலை அப்படித்தான் உருவானது.

மோனசைட் கலந்த அந்தக் கடற்கரைக் கருமணலை மட்டும் வீட்டில் சேர்க்காதீர்கள். மோனசைட்டில் கதிர்வீச்சு உள்ள தோரியம் இருக்கிறது. அது அணுசக்திச் சட்டத்துக்கு உட்பட்ட பொருள். கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கத்துக் காடுகளிலும் எதையும் எடுக்கக் கூடாது. குவாரி என்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும், அதுவும் வேலை நடக்காத நேரத்தில். வைடூரியம் கிடைக்கும் என்று ஆசை காட்டித் தோண்டக் கூப்பிடுகிறவர்களிடம் போகவே போகாதீர்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, காந்தம் ஒன்று, மெருகிடாத வெள்ளைப் பீங்கான் ஓடு ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டில் தேய்த்தால் விழும் கோட்டின் நிறம், கல்லின் வெளிநிறத்தைவிட நம்பகமானது. நம் ஊரில் வரிவரியாகத் தெரியும் நைஸ் பாறையில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிவது பெரும்பாலும் கார்னெட் என்ற கனிமம். லென்ஸில் முதலில் அதைப் பாருங்கள்.

முதல் சந்திப்புக்கு அலமாரி முழுவதையும் சுமக்க வேண்டாம். பெயர் தெரியாத ஐந்து கற்களும் அந்த நோட்டும் போதும்.