பள்ளிக்கூடத்தால நிப்பாட்டி வீட்டிலயே படிப்பிக்கலாமோ?

கேள்வி: நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறம். மகனுக்கு 8 வயசு, மூண்டாம் ஆண்டு. இன்னும் ஒண்டாம் ஆண்டுப் புத்தகத்தையே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். பள்ளிக்கூடம் தூரம், விடிய அனுப்ப யானைப் பயம், வகுப்பிலயும் ஒருத்தரும் அவனைக் கவனிக்கிற மாதிரித் தெரியேல்ல. நான் ஏஎல் (உயர்தரம்) வரைக்கும் படிச்சனான். லண்டன்ல இருக்கிற மச்சாள் தன்ர பிள்ளையளை வீட்டில வச்சுத்தான் படிப்பிக்கிறா. நாங்களும் அப்பிடிச் செய்யலாமோ? ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் இருத்தோணும்? 4 வயசில மகளும் இருக்கிறா.

பதில்: தங்கச்சி, முதல் சட்டத்தைச் சொல்லிப்போட்டு வாறன், ஏனெண்டால் மச்சாளின்ர கதையை வச்சு இஞ்ச முடிவெடுக்க ஏலாது. இங்கிலாந்தில வீட்டில வச்சுப் படிப்பிக்கச் சட்டம் இடம் குடுக்குது. ஜெர்மனியில ஆரும் சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கோ, அங்க அந்தக் கதைக்கே இடமில்லை. இலங்கையில 5 வயசில இருந்து 16 வயசு வரைக்கும் கட்டாயக் கல்வி. முந்தி 14 வயசு மட்டும்தான் இருந்தது, 2016ல 16 ஆக்கினவை. அதால நீங்கள் பாட்டுக்கு நிப்பாட்டினால் கொஞ்ச நாளில கிராம அலுவலரோ வலயக் கல்விப் பணிமனை ஆக்களோ படலையில வந்து நிப்பினம், அவையோட மல்லுக்கட்டுறதில போற நேரத்தில பிள்ளைக்கு நாலு பாடம் சொல்லிக் குடுக்கலாம்.

என்ர அபிப்பிராயம், பள்ளிக்கூட இடாப்பில பேர் இருக்கட்டும். அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பள்ளிக்கூடம் ஊடாகத்தான் விண்ணப்பிக்கிறது, இலவசப் புத்தகம், சீருடைத் துணி எல்லாம் அதுக்குள்ளாலதான் வருது. ஓஎல் (சாதாரண தர) சோதினையை வெளியில இருந்தும் எடுக்கலாம் எண்டு ஆரும் சொல்லுவினம், சரிதான், ஆனா உங்கட மகனுக்கு அது இன்னும் எத்தினை வருசம் கிடக்கு. யானைப் பயத்துக்கு அதிபரிட்டப் போய் நேர கதையுங்கோ, அந்தப் பாதையால வாற மற்றப் பிள்ளையளின்ர தாய்தேப்பனையும் கூட்டிக்கொண்டு போங்கோ, தனியப் போனால் ஒரு காதால வாங்கி மற்றக் காதால விட்டிடுவினம்.

இனி வாசிப்பு. உங்கட பிரச்சினையின்ர வேர் இதிலதான் கிடக்கு எண்டு நான் நினைக்கிறன். கண்ணையும் காதையும் முதல் ஒருக்காச் சோதிப்பியுங்கோ. கனக்கப் பள்ளிக்கூடங்களில மருத்துவப் பரிசோதனை ஒண்டு, நாலு, ஏழு எண்டு சில ஆண்டுகளிலதான் வரும், மூண்டில நிக்கிற பிள்ளை நடுவில விட்டுப்போயிருக்கலாம். எம்ஓஎச் ஒபிசில, அதுதான் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில, கேட்டால் வழி சொல்லுவினம். கரும்பலகை தெரியாத பிள்ளையைப் பேயன் எண்டு பேசினதுகளை நான் நிறையப் பாத்திருக்கிறன்.

கண், காது சரியெண்டால் ஒண்டாம் ஆண்டுப் புத்தகத்தைக் குடுத்து, பக்கத்தில இருந்து, திருத்தாமல் கேளுங்கோ. எங்க முட்டுப்படுறான் எண்டு மட்டும் ஒரு கொப்பியில குறியுங்கோ. கனபேருக்குச் சிக்கல் கொம்பிலதான். "கொக்கு" எண்டதில கண்ணுக்கு முதல் படுறது ஒற்றைக்கொம்பு (ெ), பிறகு க, பிறகு அரவு (ா). பிள்ளை இடப்பக்கமிருந்து வரிசையா வாசிச்சு "கெ" எண்டு துவங்கி, பிறகு அரவைக் கண்டு "கா" எண்டு திகைச்சு நிக்கும். "கேணி", "கோழி" எண்டு இரட்டைக்கொம்பு (ே) வந்தால் இன்னும் மோசம். அப்பிடியெண்டால் 247 எழுத்தையும் திருப்பி உரத்துச் சொல்ல வைக்கிறதில ஒரு பிரயோசனமும் இல்லை. கெ, கே, கொ, கோ நாலையும் நாலு மட்டையில எழுதிக் கலந்துபோட்டு எடுத்து வாசிக்கச் சொல்லுங்கோ, அது பிடிபட்ட பிறகு தெ, தே, தொ, தோ.

இன்னொண்டு, எங்கட பிள்ளையள் "வாறன்" எண்டு கதைக்கும், புத்தகத்தில "வருகிறேன்" எண்டு கிடக்கும். அவன் தன்ர வாயால ஒரு கதை சொல்லட்டும், நீங்கள் அவன் சொன்னபடியே பெரிய எழுத்தில எழுதுங்கோ. "எங்கட மாடு குளத்துக்க இறங்கீட்டுது, அப்பா கத்தினவர்." தான் சொன்னதுதானே, அதால வாசிக்கப் பயப்பிடமாட்டான். அடுத்த கிழமை அதே கதையைப் புத்தகத் தமிழில மாத்தி எழுதிக் குடுங்கோ.

நேரம் கேட்டனீங்கள். பள்ளிக்கூட ரைம்டேபிளை வீட்டுச் சுவரில ஒட்டாதேங்கோ. ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில இருந்து படிப்பிக்கேக்க பின்னேரம் ஒரு மணித்தியாலம் காணும், அதையும் ரெண்டாப் பிரியுங்கோ, நடுவில ஓடி விளையாடட்டும். சனி ஞாயிறு வேணுமெண்டால் விடியவும் கொஞ்சம். கண்டபடி ரியூசனுக்கு அனுப்பாதேங்கோ, வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அங்க குடுக்கிற பேப்பர் வெறும் தண்டனை.

கணக்குக்கு வயலுக்கே கூட்டிக்கொண்டு போங்கோ. காலபோகத்துக்கு விதைக்கேக்க ஏக்கருக்கு ரெண்டு புசல் விதைநெல் எண்டால் மூண்டரை ஏக்கருக்கு எத்தினை? ஒரு புசல் கிட்டத்தட்ட 21 கிலோ எண்டால் மொத்தம் எத்தினை கிலோ? தகப்பனையே கேக்க விடுங்கோ, நீங்கள் கேட்டால் பாடம், அவர் கேட்டால் வேலை, பிள்ளை வேலைக்குத்தான் உசாராவான். பெருக்கல் பிழைச்சால் ஏழு தரம் 21ஐக் கூட்டிப் பாக்கட்டும், அது ஒண்டும் குறைச்சல் இல்லை.

புத்தகம் வாங்கிச் செலவழியாதேங்கோ. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர வெப்சைற்றில எல்லா ஆண்டுப் புத்தகமும் பிடிஎஃப் ஆக் கிடக்கு, ஒண்டாம் ரெண்டாம் ஆண்டுத் தமிழ்ப் புத்தகம் ரெண்டையும் ஒருக்கா டவுண்லோட் பண்ணி வையுங்கோ, டேட்டா இல்லாட்டியும் பாக்கலாம். ஆசிரியர் வழிகாட்டியள் தேசிய கல்வி நிறுவகத்தின்ர சைற்றில இருக்கு, அதைப் பிள்ளைக்கு இல்லை, நீங்கள் வாசிக்க. கல்வி அமைச்சின்ர ஈ-தக்சலாவ வெப்சைற்றிலயும் தமிழில பாடங்கள் இருக்கு, ஆனா போனை அவன்ர கையில குடுத்துப்போட்டு அடுப்படிக்குப் போனால் கார்ட்டூன்தான் ஓடும்.

கட்டடம், மேசை, கதிரை எண்டு யோசிக்காதேங்கோ. 2009ல, போரால இடம்பெயர்ந்த சனத்தை வச்சிருந்த மெனிக் பாம் முகாமுக்குள்ள இருந்து புலமைப்பரிசில் எழுதின பிள்ளையள் எங்கட பிள்ளையள்தான். விறாந்தையில ஒரு பாய் காணும்.

சின்னவளுக்குப் பேனையைத் திணிக்காதேங்கோ, 4 வயசு. புளியங்கொட்டை எண்ணட்டும், மணலில விரலால கீறட்டும், அண்ணா வாசிக்கேக்க பக்கத்தில குந்தியிருந்து கேக்கட்டும். அவள் குழப்பிறாள் எண்டு கலைக்க வேண்டாம், தங்கச்சிக்குக் கதை வாசிச்சுக் காட்டு எண்டு சொன்னால் மகன் கூட ஒரு பக்கம் வாசிப்பான்.

முட்டுப்படுற எழுத்துக் குறிச்ச கொப்பியை எறியாதேங்கோ. ஒரு தவணை இப்பிடிச் செய்துபோட்டு, அதைக் கொண்டுபோய் வகுப்பு ரீச்சரிட்டக் காட்டுங்கோ. "பிள்ளையைக் கவனிக்கிறீங்கள் இல்லை" எண்டு துவங்கினால் கதை சண்டையில முடியும், "இந்த எழுத்துகளில நிக்கிறான் ரீச்சர், நான் இதுவரைக்கும் செய்தனான், நீங்கள் என்ன செய்யலாம்" எண்டு கேட்டால் அவவுக்கும் பிடிக்க ஒரு நுனி கிடைக்கும். அதுக்குப் பிறகும் அசைவில்லை எண்டால் கிட்ட இருக்கிற வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்திறதைப் பாருங்கோ. அப்ப விடுகைப் பத்திரத்தைக் கையில எடுக்க முதல் புதுப் பள்ளிக்கூடத்தில இடம் இருக்கோ எண்டு அதிபரிட்ட வடிவாக் கேட்டுக்கொள்ளுங்கோ.