செவிலியர் கேள்வி–பதில்: பாம்புக்கடிச் சோதனை, தொலைபேசி உத்தரவு, ஊசிக் காயம், பதிவு

கேள்வி: பென்னாகரம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றுகிறேன். பாம்புக்கடிக்கு வருபவர்களுக்கு, நஞ்சு ரத்தம் உறைவதைக் கெடுத்திருக்கிறதா என்று அறிய 20 நிமிட ரத்த உறைதல் சோதனை செய்கிறோம். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கும் சில நேரம் ரத்தம் உறைவதில்லை. சோதனையை நம்பலாமா?

பதில்: முதலில் குழாயைப் பாருங்கள். இந்தச் சோதனையில் கண்ணாடியின் பரப்பே உறைதலைத் தூண்டுகிறது. பிளாஸ்டிக் குழாயிலும், சோப்புத்தூள் போட்டுக் கழுவிய பழைய கண்ணாடிக் குழாயிலும் அந்தத் தூண்டல் சரிவரக் கிடைக்காததால், நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கக்கூடும். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. சிரை ரத்தத்தை விட்டு, 20 நிமிடம் தொடாமல் வைத்து, பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் உடன் வந்த நலமானவர் ஒருவரின் ரத்தத்தையும் அதே வகைக் குழாயில் வைத்து ஒப்பிடலாம்.

முதல் சோதனையில் உறைந்துவிட்டது என்று யாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. முதல் 3 மணி நேரம் 30 நிமிடத்துக்கு ஒரு முறையும், அதன்பின் மணிக்கு ஒரு முறையும் திரும்பச் செய்ய வேண்டும். இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன்: கட்டுவிரியன் நஞ்சு நரம்பைத் தாக்குவது, அதில் இந்தச் சோதனை இயல்பாகவே இருக்கும். இரவு தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வந்து, இமையைத் தூக்க முடியாமல் தவித்தால், பல் தடமோ வீக்கமோ இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரை அழைத்து, அம்பு பேக்கை (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) கட்டிலருகில் வைத்துக்கொள்ளுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108-இல் அனுப்பும்போதும் மூச்சைக் கவனிக்கத் தெரிந்த ஒருவர் உடன் செல்ல வேண்டும். விஷமுறிவு மருந்து குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். ஏனென்றால் கடித்த பாம்பு ஆளின் எடை பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை. அந்த மருந்துக்கு ஒவ்வாமை வந்தால் உடனே கொடுக்க, ட்ரிப்ஸ் தொடங்கும் முன்பே அட்ரினலினைச் சிரிஞ்சில் எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஓசூரில் தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி. டாக்டர் போனிலேயே மருந்து சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அவசரத்தில் மட்டும். சொல்லச் சொல்லவே கேஸ் ஷீட்டில் எழுதி, மருந்து, அளவு, செலுத்தும் வழி மூன்றையும் அவருக்கே திரும்பப் படித்துக் காட்டுங்கள். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். 'ஒன்று, ஐந்து' என்று இலக்கம் இலக்கமாக உறுதி செய்துகொள்ள வேண்டும். நேரத்தையும் குறித்து, அவர் வந்ததும் கையெழுத்து வாங்குங்கள். பொட்டாசியம் குளோரைடை நேரடியாகச் சிரையில் செலுத்தச் சொன்னால், சொன்னவர் யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். நீர்க்காமல் வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும்.

கேள்வி: நோயாளிக்குப் போட்ட ஊசி என் விரலில் குத்திவிட்டது. அவரது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வரும்வரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்கக் கூடாது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவுங்கள்; பிதுக்க வேண்டாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்பதை மருத்துவர் உடனே முடிவு செய்ய வேண்டும். தேவையென்றால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். சம்பவத்தை எழுத்தில் பதியவும் மறவாதீர்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் பதிவு செய்திருக்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகப் புதிய பதிவு வேண்டுமா?

பதில்: வேண்டும். படிப்பு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகரித்ததாக இருந்தால் மீண்டும் தேர்வு எழுத வேண்டியதில்லை. ஆனால் தமிழ்நாடு கவுன்சிலில் தடையில்லாச் சான்று பெற்று, கர்நாடக கவுன்சிலில் பதிந்த பிறகே பணியில் சேருங்கள். 'சேர்ந்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்' என்று நிர்வாகம் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏதேனும் வழக்கு வந்தால் முதலில் கேட்கப்படுவது உங்கள் பதிவெண்.