கேளுங்கள் சொல்கிறோம்: கூரை சோலாரும் வரைவு விதியும்

கேள்வி: நான் மின்பொறியாளர். எங்கள் தெருவில் உச்சிவெயிலில்தான் சோலார் இன்வெர்ட்டர்கள் வரிசையாக நின்றுவிடுகின்றன. அடுத்த முறை சூரிய மின்விதிக்கு வரைவு வந்தால் இதைப் பற்றி எழுதலாமா? படிப்பார்களா?
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: தாராளமாக எழுதலாம். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 181-இன்படி மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதிமுறைகளை முதலில் வரைவாக வெளியிட்டே தீரவேண்டும். ஆனால் ‘இன்வெர்ட்டர் நிற்கிறது, ஆவன செய்க’ என்று எழுதினால் அது புகார். அதற்கு மின்வாரியப் பிரிவு அலுவலகம் இருக்கிறது. ஆணையத்துக்குக் கணக்கோடு போங்கள்.

வீடுகளுக்கு வரும் தாழ்வழுத்த லைனில் 230 வோல்ட் 6 சதவீதம் வரை, அதாவது சுமார் 244 வரை ஏறலாம். சோலார் மின்சாரத்தை லைனுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரோ 110 சதவீதத்தை, 253 வோல்ட்டைத் தாண்டினால் 2 விநாடிக்குள் லைனிலிருந்து விலகவேண்டும். இரண்டு விதியும் தனித்தனியே சரி. நடுவே மிஞ்சுவது சுமார் 9 வோல்ட்தான். 70 சதுர மி.மீ. அலுமினியக் கேபிளுக்கு கி.மீ.க்குச் சுமார் 0.5 ஓம் ரெசிஸ்டன்ஸ். 400 மீட்டர் கடைசியிலிருந்து மூன்று ஃபேஸிலும் சமமாக 40 கிலோவாட் டிரான்ஸ்ஃபார்மரை நோக்கித் திரும்பினால் ஃபேஸுக்கு 58 ஆம்பியர், வோல்ட்டேஜ் ஏற்றம் 11.6 வோல்ட்; அந்த இடைவெளியைவிட அதிகம். அவ்வளவும் ஒரே முனையிலிருந்து வருவதாகக் கொண்ட கணக்கு இது. அதேசமயம், வீட்டு இன்வெர்ட்டர்கள் ஒரே ஃபேஸில் குவிந்தால், அதே ஆம்பியருக்கே நியூட்ரலும் சேர்ந்து ஏற்றத்தை இருமடங்காக்கும். டிரான்ஸ்ஃபார்மர் திறனில் இத்தனை சதவீதம் என்று மட்டும் வரம்பு வைக்கும் விதிக்குக் கேபிளின் நீளம் கண்ணில் படாது. அந்த ஓட்டையைச் சுட்டுங்கள்.

கடிதம் ஆணையச் செயலாளருக்கு, கடைசித் தேதிக்குள். நான்கு நெடுவரிசை கொண்ட அட்டவணை போதும்: விதி எண், இப்போதுள்ள வாசகம், நீங்கள் கேட்கும் வாசகம், காரணம். மூன்றாவது நெடுவரிசையைக் காலியாக விட்டு அனுப்புகிறவர்களே அதிகம். அதிகாரிக்குத் தேவை அதுதான். இன்வெர்ட்டர் முனையில் ஒரு வாரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்த வோல்ட்டேஜையும் இணையுங்கள். தீர்வாக ரியாக்டிவ் பவரை (வேலை எதுவும் செய்யாமல், வோல்ட்டேஜை ஏற்றி இறக்க உதவும் மின்திறன்) மட்டும் கேட்காதீர்கள். தாழ்வழுத்தக் கேபிளில் ரெசிஸ்டன்ஸே மேலோங்குவதால் பலன் குறைவு. வோல்ட்டேஜ் ஏற ஏற உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்க அனுமதி கேட்பது உருப்படியானது.

253 என்ற எல்லையையே மாற்றவேண்டுமானால் கிண்டியிலுள்ள மாநில ஆணையத்திடம் கேட்டுப் பயனில்லை. அது டெல்லியிலுள்ள மத்திய மின்சார ஆணையத்தின் இணைப்புத் தரம். மாநிலக் கொள்கை என்றால் தலைமைச் செயலகத்தில் எரிசக்தித் துறை.

கேள்வி: கல்லூரி ஆசிரியர்களுக்கு இதில் நிரந்தர இடம் உண்டா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: உண்டு. அதே மின்சாரச் சட்டத்தின் பிரிவு 87-இன்படி ஆணையம் அமைக்கும் மாநில ஆலோசனைக் குழுவில் 21 பேர் வரை இருக்கலாம்; கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் பிரதிநிதித்துவம் உண்டு. நியமிப்பது ஆணையமே.