மட்டக்குதிரையைப் பட்டினி போடலாமா?

கேள்வி: ஏரிக்கரையில் சவாரிக்குப் போன எங்கள் மட்டக்குதிரை இரண்டு வருடமாக வீட்டில்தான் நிற்கிறது. கொள்ளும் தவிடும் தின்று கழுத்து மேடு தடித்துவிட்டது. இரண்டு நாள் பட்டினி போடலாமா? (வாசகர், கொடைக்கானல்)

பதில்: பட்டினி மட்டும் வேண்டாம். குண்டான மட்டக்குதிரை திடீரென்று தீனி இல்லாமல் கிடந்தால், உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். கொள்ளையும் தவிட்டையும் நிறுத்துங்கள். யாராவது ஆசையாக வெல்லம் கொடுத்தாலும் தடுத்துவிடுங்கள். 250 கிலோ எடை என்றால் நாளைக்கு நாலு கிலோ காய்ந்த புல் போதும். கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுத்து, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து வடித்து, நாலைந்து வேளையாகப் போடுங்கள். ஊறினால் புல்லின் சர்க்கரை குறையும். தாது உப்பும் கொஞ்சம் கரைந்துபோகும், அதனால் தாது உப்புக் கலவை சேருங்கள்.

என்னிடம் வந்த ஒரு பெண்குதிரை, முன்னங்கால் ஊன்ற முடியாமல் பின்பக்கம் சாய்ந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. குளம்புக்குள் அழற்சி, பருமன்தான் அதை அங்கே கொண்டுவிட்டது. உங்கள் குதிரையின் குளம்பு சூடாக இருந்தால் நடக்க விடாமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் தினமும் நடத்துங்கள். வாரம் ஒருமுறை நெஞ்சுச் சுற்றளவை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும்வரை இதையே தொடருங்கள்.