சூரைக்கு லூர் கட்டுவது: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

சூரைக்கு (டியூனா) லூர், அதாவது பொய் இரை, கட்டும் தூண்டில், லீடர் (கயிற்றின் நுனியில் லூருக்கு முன்னால் கட்டும் தடித்த தங்கூசு), முடிச்சு பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லி வைத்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒன்றே போல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கன்னியாகுமரிப் பக்கம் சின்னமுட்டத்தில் ஃபைபர் படகில் கைக்கயிற்றில் ஆரம்பித்து, அப்புறம்தான் ராடும் ரீலும் பிடித்தவன் நான், அதனால் என் பதிலில் கொஞ்சம் கைக்கயிற்றுக்காரன் புத்தி இருக்கும்.

அண்ணே, பிரெய்டு (பின்னல் கயிறு) பி.ஈ. 4 தடிமன், லீடர் 80 பவுண்டு பலம். டபுள் யூனி முடிச்சுதான் போடுகிறேன். எறியும்போது ராடின் வளையத்தில் டக் டக்கென்று தட்டுகிறது, போன வாரம் அந்த இடத்திலேயே அறுந்தது. (தூத்துக்குடி)

தம்பி, தட்டுகிறது என்றால் ஒவ்வொரு எறிக்கும் முடிச்சு அடி வாங்குகிறது என்று அர்த்தம். நூறு எறிக்கு அப்புறம் அது என்ன ஆகும்? எஃப்.ஜி. முடிச்சுக்கு மாறிவிடு. அதில் லீடர் மடங்கவே மடங்காது, நேராக நிற்கும், பிரெய்டுதான் அதன்மேல் ஏறும். பூக்காரம்மா மல்லிகை கட்டும்போது நூல் ஒருமுறை இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் போய் இறுகுமே, அந்த மாதிரி. பிரெய்டு விறைப்பாக இருக்க வேண்டும் (ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள், இல்லையென்றால் ராடையே வளைத்து வை), அசைய வேண்டியது லீடர். இருபது சுற்று போடு, இரண்டு நூலையும் சேர்த்து ஒரு அரை முடிச்சு போட்டுப் பிடித்துக்கொள், எச்சிலால் நனைத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு உன் பலம் முழுவதையும் காட்டி இழு.

முடிச்சு சரியாக உட்கார்ந்ததா என்று நிறத்திலேயே தெரியும். பிரெய்டின் நிறம் ஒரு படி இருண்டு, லீடருக்குள் அழுந்தினது போல் ஆகும். வெளிறியே இருந்தால் இன்னும் இறுகவில்லை. நகத்தால் தள்ளிப் பார், நகர்ந்தால் அறுத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து கட்டு. இறுகின பிறகு நாலைந்து அரை முடிச்சு, லீடரின் மிச்சத்தை ஒட்ட வெட்டு, பிரெய்டின்மேல் மட்டும் இன்னும் சில அரை முடிச்சு. அந்த வெட்டின முனையை நெருப்பில் காட்டி உருட்டுகிறவர்கள் உண்டு. பக்கத்திலேயே பிரெய்டு இருக்கிறது, பட்டால் தீர்ந்தது. நான் செய்வதில்லை.

இதை வீட்டில் ஐம்பது தடவை கட்டிப் பழகிவிட்டுக் கடலுக்குப் போ. ஆடுகிற படகில், காற்றில், பக்கத்தில் சூரை குதித்துக்கொண்டிருக்கும்போது கற்றுக்கொள்ள முடியாது.

ஃப்ளோரோகார்பன் விலை அதிகமாக இருக்கிறது. சாதாரண நைலான் தங்கூசே போதாதா?

எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃப்ளோரோகார்பனுக்கு 1.42 சுற்றுவட்டம், நைலானுக்கு 1.5க்கு மேல். ஃப்ளோரோகார்பன் தண்ணீரில் குறைவாகத் தெரியும் என்பது அதனால்தான், ஆனால் மறைந்தே போகும் என்று விளம்பரக்காரன் சொல்வதை நம்ப வேண்டாம். சூரைக்குக் கண் கூர்மை. தெளிந்த நீலத் தண்ணீரில், காற்றில்லாத நாளில், ஜிக் (ஆழத்தில் இறக்கி ஏற்றும் உலோக லூர்) போடும்போது அந்தக் காசு வீண் இல்லை. பாப்பர், மிதக்கிற ஸ்டிக்பெய்ட் போன்ற நீர்மேல் லூர்களுக்கு நான் நைலான்தான் போடுவேன், ஏனென்றால் ஃப்ளோரோகார்பன் கனம், வேகமாகத் தாழ்ந்து லூரின் மூக்கைக் கீழே இழுக்கும். படகுக்குப் பின்னால் நுரையில் இழுத்துப் போகும் லூருக்கு எந்தத் தங்கூசும் சரி, அந்த நுரையில் மீன் எதைப் பார்க்கப்போகிறது!

ஸ்டிக்பெய்ட்டில் வந்த ட்ரெபிளைக் கழற்றிவிட்டு ஒற்றைத் தூண்டில் போடலாமா? போட்டேன், லூர் செத்த மீன் மாதிரி மிதக்கிறது. (சென்னை)

தாராளமாகப் போடலாம், நானும் மாறியவன்தான். ட்ரெபிளில் மூன்று முனை இருப்பதால் பிடிக்கும் வாய்ப்பு அதிகம் போலத் தோன்றும். ஆனால் பெரிய சூரை வட்டம் போட்டுச் சுற்றும்போது ஒரு முனை மற்றொன்றுக்கு நெம்புகோலாகி, தூண்டில் நிமிர்ந்துவிடும். போதாக்குறைக்குப் படகில் துடிக்கிற மீனின் வாயில் ஒரு முனை, உங்கள் கையில் ஒரு முனை.

உங்கள் லூர் சாகக் காரணம் எடை. அந்த லூரைச் செய்தவர் அந்த ட்ரெபிளின் எடையை நம்பித்தான் மிதப்பை அமைத்திருக்கிறார். நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, கழற்றியதையும் போடுவதையும் நிறுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு கிராம் வித்தியாசத்திலேயே நீச்சல் மாறும். குறைந்தால் ஒரு அளவு பெரிய தூண்டில், இல்லை தடித்த கம்பி. முக்கியமாக, காது (கட்டும் துளை) தூண்டிலோடு ஒரே நேராக இருக்கும் இன்லைன் வகைதான் வேண்டும், சாதாரண தூண்டிலை ஸ்ப்ளிட் ரிங்கில் (சாவி வளையம் போல் விரியும் வளையம்) மாட்டினால் பக்கவாட்டில் திரும்பித் தொங்கும். வயிற்றுத் தூண்டிலின் முனை முன்னால் பார்த்தும், வால் தூண்டிலின் முனை மேலே பார்த்தும் இருப்பது என் வழக்கம். கடைசியாக வாளித் தண்ணீரிலாவது ஒருமுறை மிதக்கவிட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

அண்ணை, சூரைக்கு எண்டு லூர் போட்டா அறக்குளா வந்து வெட்டிக்கொண்டு போகுது. வயர் போட்டா சூரை எடுக்குதில்லை. (திருகோணமலை)

உங்கள் அறக்குளாதான் இங்கே நெய்மீன், சீலா, வஞ்சிரம். அதன் பல் கத்தரிக்கோல், எந்தத் தங்கூசும் நிற்காது. முழு நீள வயர் வேண்டாம். ஒரு சாண் ஒற்றைக் கம்பி மட்டும், பழுப்பு நிறத்தில் கிடைப்பது, லூரின் மூக்கருகே. இரண்டு முனையிலும் ஹேவயர் முறுக்கு. இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள்: ஒரு கம்பி நேராக நிற்க, மற்றது அதைச் சுற்றினால் அது வழுக்கிக் கழன்றுவிடும். இரண்டும் ஒன்றையொன்று தழுவிப் பெருக்கல் குறி போல நாலைந்து முறுக்கு ஏற வேண்டும், அப்புறம்தான் நெருக்கமான ஐந்தாறு சுற்று. மிச்சக் கம்பியைக் குறடால் வெட்டாதீர்கள், சின்னதாகக் கூர் நின்று கையைக் கிழிக்கும். கைப்பிடி போல மடக்கி முன்னும் பின்னும் ஆட்டினால் ஒட்டவே ஒடிந்துவிடும்.

இதற்கும் சூரை குறையத்தான் செய்யும். அண்டைக்கு எது ஓடுது எண்டு பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கோ.

பாவாடை லூரில் (தலைக்குப் பின்னால் பாவாடை போல இழை தொங்குவது) தூண்டில் எங்கே நிற்க வேண்டும்? கிரிம்ப் (லீடரை மடக்கி நுழைத்து அமுக்கும் உலோகக் குழாய்) போட்டால் வழுக்குகிறது.

தூண்டிலின் வளைவு பாவாடையின் நுனியோடு சமமாக நிற்கட்டும். அதற்கும் பின்னால் தொங்கினால் லூர் தலை ஆடாது, ரொம்ப உள்ளே போனால் மீன் வெறும் பாவாடையைக் கடித்துவிட்டுப் போகும். நீளம் சரிவராவிட்டால் தலைக்கும் தூண்டிலுக்கும் நடுவே பிளாஸ்டிக் மணி கோத்துத் தள்ளிக்கொள்ளலாம், எங்கள் ஊரில் பாசிமணியையே கோத்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு தூண்டில் போதும். இரண்டு போட்டு ஐ.ஜி.எஃப்.ஏ. (சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம்) சாதனைக்குக் கணக்குக் காட்ட நினைப்பவர்களுக்கு மட்டும்: இரண்டின் காதுகளுக்கும் இடையே ஒரு தூண்டில் நீளத்துக்குக் குறையவும் கூடாது, 12 அங்குலத்தைத் தாண்டவும் கூடாது.

கிரிம்ப் வழுக்குவதற்குப் பெரும்பாலும் குழாயின் அளவு பெரிதாக இருப்பதுதான் காரணம். லீடர் இரண்டு தடவை நுழைந்த பிறகு இடமே மிஞ்சக் கூடாது. நைலானுக்கு அலுமினியக் குழாய் போடுங்கள். வீட்டுக் குறடு ஒத்துவராது, அதற்கென்று உள்ள கருவியில்தான் அமுக்க வேண்டும். குழாயின் இரண்டு ஓரத்திலும் ஒரு மில்லிமீட்டராவது அமுக்காமல் விடுங்கள், ஓரத்தையும் சேர்த்து நசுக்கினால் அந்த விளிம்பே கத்தியாகி லீடரை அறுக்கும். வெளியே வரும் முனையை லைட்டரில் காட்டிச் சின்னக் குமிழாக்கிவிட்டால் பின்னால் வழுக்காது. தூண்டிலின் காதில் உரசும் வளையத்துக்குள் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் நுழைத்துவிடுங்கள்.

கட்டி முடித்ததும் 6 முதல் 8 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வேகத்தில் படகின் பக்கத்திலேயே விட்டுப் பாருங்கள். மேலே வந்து காற்றைக் குடித்து, உள்ளே போய்ப் புகை மாதிரிக் குமிழி விட வேண்டும். பம்பரமாகச் சுற்றினால் தூண்டில் கோணல்.

லூரைச் சட்டென்று மாற்ற ஸ்னாப் ஸ்விவல் (கொக்கி போல் திறந்து மூடும் சுழல் இணைப்பு) போடலாமா?

வேண்டாம். ஒரு கடையில் எண்பது பவுண்டு என்று அச்சிட்ட பாக்கெட்டை நம்பி வாங்கினேன். நாற்பது நிமிடம் இழுத்த மீன் போன பிறகு கையில் வந்தது நேராக நிமிர்ந்த ஒரு கம்பி. லீடரைச் சாலிட் ரிங்கில் (பிளவில்லாத வளையம்) கட்டுங்கள், லூர் ஸ்ப்ளிட் ரிங்கில் வரட்டும். ரிங்கை விரிக்கும் குறடு இருந்தால் அரை நிமிடத்தில் மாற்றிவிடலாம். ஒவ்வொரு இணைப்பும் கூடுதலாக ஒரு அறும் இடம், எனக்கு அது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தூக்கம் வரும்.

அந்தச் சாலிட் ரிங்கில் 100 பவுண்டு லீடரை எந்த முடிச்சில் கட்டுவது?

யூனி, நாலு சுற்று. தடித்த தங்கூசில் ஆறேழு சுற்று போட்டால் உள்ளே இறுகாது, மேலுக்கு இறுகினது போல நடிக்கும், மீன் இழுக்கும்போதுதான் நிஜமாக இறுகிச் சூடாகி அறுந்துபோகும். நனைத்து, மெதுவாக இழுங்கள். 130 பவுண்டுக்கு மேல் முடிச்சோடு மல்லுக்கட்டாமல் கிரிம்ப் போட்டுவிடுங்கள்.

ஜிக்கில் அசிஸ்ட் தூண்டில் (ஜிக்கின் தலையில் குட்டைக் கயிற்றில் தொங்குவது) எவ்வளவு நீளம்?

தொங்கவிட்டால் ஜிக்கின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்கட்டும். இரண்டு போட்டால், ஜிக்கைச் சுற்றி வந்து ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ளாத நீளமா என்று விரலால் சுழற்றிப் பாருங்கள்.

லட்சத்தீவில் சூரை பிடிக்கும் தூண்டிலில் எதிர்முள்ளே (முனையில் பின்னோக்கி நிற்கும் முள்) இல்லையாமே, மீன் கழன்றுவிடாதா?

கழலத்தான் வேண்டும்! அங்கே மினிக்காய்த் தீவுக்காரர்கள் உயிர் இரையை வீசிச் சூரைக் கூட்டத்தைப் படகருகே நிறுத்திவிட்டு, கம்பால் ஒரே வீச்சில் மீனைத் தலைக்கு மேல் தூக்குவார்கள். கயிறு தளர்ந்ததும் அது தானாகவே தளத்தில் விழும், அடுத்த நொடி தூண்டில் மறுபடி தண்ணீரில். கயிறு தளராத வரைதான் அந்த வித்தை. ராடில் அரை மணி நேரம் ஆட்டம் காட்டும் நமக்கு எதிர்முள் இருக்கட்டும்.

மீன் பக்கத்தில் வந்ததும் லீடரைப் பிடித்துத் தூக்குவது எப்படி, ஐயா? கை அறுத்துவிட்டது.

கையில் சுற்றினீர்களா? கேரளக் கரையில் கேரா என்று சொல்லும் மஞ்சள் துடுப்புச் சூரை, படகைப் பார்த்ததும் இன்னொரு முறை கீழே பாயும். சுற்றிய கை கயிற்றோடு போகும், ஆளும் போகலாம். கையுறை போட்டுக்கொண்டு, உள்ளங்கையில் அழுத்திப் பிடியுங்கள், மீன் பாய்ந்தால் விரலைத் திறந்தால் போதும். விட்ட லீடர் காலடியில் சுருண்டு கிடக்காமல் படகுக்கு வெளியே தண்ணீரில் விழட்டும். நாங்கள் கைக்கயிறு போட்ட காலத்தில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி விரலில் மாட்டிக்கொள்வோம், இன்றைக்கும் என் பையில் இரண்டு துண்டு கிடக்கிறது.