படைவீரரின் வீட்டிலிருந்து: கேள்வி பதில்

படைவீரரின் மனைவியாக இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர், இப்போது படைக்குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லிவரும் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கணவர் படைப்பணிக்குக் கிளம்ப இன்னும் இரண்டு வாரம்தான். அன்பாக இருக்க வேண்டிய நேரத்தில் தினமும் சண்டை. ஏன் அக்கா இப்படி?

அழுதுகொண்டு பிரிவதைவிடக் கோபித்துக்கொண்டு பிரிவது சுலபம், அதனால்தான். கேத்லீன் லோகன் 1987இல் அமெரிக்கக் கடற்படையினரின் மனைவியர் கடந்துவரும் மனநிலைகளை ஏழு கட்டங்களாக வகுத்தார். ஆள் கிளம்பும் முன்பே மனம் விலகிக்கொள்வது அதில் இரண்டாவது. உங்கள் இல்லறம் கெட்டுவிடவில்லை. சண்டைக்கு நடுவே வங்கிக் கணக்கு, காப்பீடு, அவர் சார்பில் நீங்கள் கையெழுத்திடுவதற்கான அதிகாரப் பத்திரம் எல்லாவற்றையும் முடித்துவையுங்கள். ஒரு கையெழுத்துக்காக நான்கு மாதம் அலைந்தவள் சொல்கிறேன்.

மூன்று நாளாக அழைப்பு இல்லை. செய்தியில் மோதல் என்கிறார்கள்.

முதலில் தொலைக்காட்சியை அணையுங்கள். யாராவது காயப்பட்டாலோ இறந்தாலோ, அவர் வீட்டுக்குத் தகவல் சேரும்வரை அந்த முகாமின் தொடர்பையே துண்டித்துவைப்பது பல படைகளில் வழக்கம். ஆகவே அழைப்பு வராததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இப்படிச் சொன்னதும் நெஞ்சு அடங்கிவிடாது என்பதும் தெரியும். இன்றிரவு தனியாக இருக்காதீர்கள். அதே பிரிவைச் சேர்ந்த இன்னொரு குடும்பத்தோடு இருங்கள்.

நான்கு வயது மகன் மறுபடி படுக்கையை நனைக்கிறான். "அப்பா நாளைக்கு வருவார்" என்று சமாளிக்கிறேன்.

அந்த 'நாளை'யை இன்றோடு விட்டுவிடுங்கள். அவனுக்கு நாள்காட்டி தெரியாது, ஏமாந்தது மட்டும் நினைவிருக்கும். அந்த வயதில் இப்படிப் பின்னோக்கிப் போவது சகஜம்; திட்ட வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய உளப்பகுப்பாய்வாளர்கள் அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும், குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்ததே பிள்ளைகளை அதிகம் உலுக்கியதைக் கண்டார்கள். உங்கள் மகன் இப்போது பிடித்துக்கொண்டிருப்பது உங்களைத்தான். தூங்கும் நேரம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா சொல்லும் கதை ஒன்றைப் பதிவு செய்து வாங்கி, இரவில் போட்டுவிடுங்கள்.

மகள் படையில் இருக்கிறாள். பெற்றோரான எங்களை யாரும் விசாரிப்பதே இல்லை.

நியாயமான குறை, ஐயா. ஏற்பாடுகள் பெரும்பாலும் மனைவி மக்களை நினைத்தே செய்யப்படுகின்றன. தன் பிரிவின் தொடர்புப் பட்டியலில் உங்கள் எண்ணையும் சேர்க்கும்படி மகளிடமே சொல்லுங்கள்.

கணவர் திரும்பி வந்து இரண்டு மாதம். விருந்தாளி போல இருக்கிறார், எதற்கும் எரிச்சல்.

பிரிவைவிட இதுதான் கடினம் என்பேன். அமெரிக்கச் சமூகவியலாளர் ரூபன் ஹில் 1949லேயே, பிரிவைப் போலவே மறுபடி சேர்வதையும் குடும்பத்துக்கு வரும் நெருக்கடியாகத்தான் ஆராய்ந்தார். உங்கள் கணவர் இல்லாமல் நடக்க வீடு பழகிவிட்டது. தனக்கு அங்கே என்ன வேலை என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் சாவிக்கொத்தை எந்த ஆணியில் மாட்டுவது என்பதில் சண்டை தொடங்கியது! எல்லாப் பொறுப்பையும் ஒரே நாளில் திருப்பிக் கொடுக்காதீர்கள், ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஆனால் கெட்ட கனவு, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், ஆட்களைத் தவிர்த்தல் எல்லாம் ஒரு மாதத்தைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே.

வர மாட்டேன் என்கிறாரே?

"உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது" என்று தொடங்காதீர்கள். "நீங்கள் தூங்கிப் பார்த்து மூன்று வாரம் ஆகிறது, நாளை இருவருமாகப் போய்வரலாம்" என்று சொல்லிப் பாருங்கள். என் கணவர் இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை, பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.